கடைமடையில் கேமரா, கையில் போன்: ஐஎஸ்ஓவும் லைவ் வியூவும் மக்கர் செய்தால்

எங்கள் பக்கம் ஷட்டர் என்றால் முதலில் மதகுதான் நினைவுக்கு வரும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, ஆற்றில் தண்ணீர் ஓடியும் கடைமடை வயல் காய்ந்து கிடந்தால், வாய்க்கால் கரையோடு மேல்நோக்கி நடப்போம். எந்த மதகு மூடியிருக்கிறது, எங்கே ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவோம். கேமராவை ஓரிடத்தில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்து இயக்குகிறவர்களுக்கும் இந்த நடைதான் கைகொடுக்கும். திரையில் தெரியும் கோளாறு பெரும்பாலும் திரையில் உண்டானது இல்லை. மேலே எங்கோ ஒரு மதகு மூடியிருக்கிறது.

மன்னார்குடி பக்கத்தில் என் வேலை மூன்று விதம். முகூர்த்த நாட்களில் மணமேடைக்கு மேலே ஒரு கேமராவைக் கட்டிவிட்டுக் கீழே லேப்டாப்பில் உட்காருவேன். சம்பா வயலில், பூச்சி பிடிக்கும் பறவைகள் வந்து உட்காருவதற்காக நடுகிற பறவைத் தாங்கிக்கு எதிரே கேமராவை வைத்துவிட்டு, வரப்பில் தள்ளி இருந்து போனில் இயக்குவேன். மழைக்காலத்தில் வீட்டுப் பரண்களிலிருந்து வரும் பழைய பத்திரங்களையும் கணக்குச் சுவடிகளையும் ஸ்டாண்டில் வைத்து, கேமராவைத் தொடாமல் ஒவ்வொன்றாக எடுப்பேன். கேமரா பார்ப்பதை அப்போதே லேப்டாப்பிலோ போனிலோ காட்டுவதுதான் லைவ் வியூ. மூன்றிலும் திரும்பத் திரும்ப வருகிற தொல்லைகளைத்தான் கீழே அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. சென்சார் பெறும் ஒளியைக் கேமரா எவ்வளவு ஏற்றிக் காட்டவேண்டும் என்று சொல்லும் ஐஎஸ்ஓ ஒரே ஒரு எண். ஆனால் அதை மாற்றும் அதிகாரம் மூன்று கைகளில் இருக்கிறது: பாடியில், அதாவது கேமராவின் உடலில், உள்ள டயல், கேமராவுக்குள் இருக்கும் ஆட்டோ, நீங்கள் திறந்து வைத்திருக்கும் மென்பொருள். எந்தக் கோளாறு வந்தாலும் "இப்போது ஐஎஸ்ஓ யார் கையில்?" என்று முதலில் கேளுங்கள். பாதிப் பிரச்சினை அந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடும்.

ஐஎஸ்ஓ கட்டம் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது, தொட்டால் அசையவில்லை

போன தை மாதத்தில், என்னிடம் வேலை பழகும் பையன் மண்டபத்திலிருந்து கூப்பிட்டான்.

"அண்ணே, ஐஎஸ்ஓவத் தொட்டா மாறவே மாட்டேங்குது."

"டயல் எதுல நிக்குது தம்பி?"

"பச்சையிலண்ணே."

பச்சை ஆட்டோவிலும், உருவப்படம், விளையாட்டு போன்ற காட்சி முறைகளிலும் ஐஎஸ்ஓவைக் கேமராவே வைத்துக்கொள்ளும். மென்பொருள் கேட்டாலும் தராது. டயலை பி, ஏ, எஸ், எம் (P, A, S, M) இவற்றில் ஒன்றுக்குத் திருப்புங்கள். கேனானில் ஏ, எஸ் இடத்தில் ஏவி (Av), டிவி (Tv) என்று இருக்கும். பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களில் இந்த டயல் கையால் திருப்பவேண்டிய உறுப்பு. தூரத்திலிருந்து எந்த மென்பொருளாலும் அதைத் திருப்ப முடியாது. மணமேடைக்கு மேலே கட்டிய பிறகு இது தெரியவந்தால் ஏணி வேண்டும். அதனால் கேமராவை மேலே ஏற்றும் முன்பே டயலை எம்மில் வைத்து ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள்.

டயல் எம்மில் இருந்தும் கட்டம் சாம்பலாகவே இருந்தால், படம், வீடியோ மாற்றும் சுவிட்ச் வீடியோ பக்கம் தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள். பல பாடிகளில் வீடியோவுக்குத் தனி ஐஎஸ்ஓ. படத்துக்கான கட்டம் அப்போது வேலை செய்யாது. மேல்தட்டில் ஐஎஸ்ஓவுக்கென்றே தனி டயல் உள்ள பாடி என்றால் அதையும் பாருங்கள். அது ஒரு எண்ணில் நின்றால் அந்த எண்தான் ஆட்சி.

400 வைத்தேன், படத்தில் 2200 என்று வருகிறது

இதுதான் எனக்கு நிறையப் படங்களைப் பாழாக்கிய கோளாறு, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். விடிகாலையில் பறவைத் தாங்கியில் ஒரு கரிச்சான். டயல் எம்மில்; ஷட்டர் 1/1000 நொடி, அப்பெர்ச்சர் (லென்ஸின் துளை அளவு) எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400. போன் திரையிலும் 400 என்றே காட்டியது. வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்தால் கறுப்பு இறகு முழுக்க மணல் தூவினதுபோல் நாய்ஸ்.

காரணம் ஆட்டோ ஐஎஸ்ஓ. நிக்கானில் ஆட்டோ ஐஎஸ்ஓ என்பது மெனுவில் தனியாக ஆன் செய்து வைக்கும் வசதி. அது ஆனில் இருக்கும்போது நீங்கள் வைக்கும் எண் குறைந்தபட்ச அளவு மட்டுமே. ஒளி போதாவிட்டால், நீங்கள் அனுமதித்த உச்சவரம்பு வரை கேமரா தானே ஏற்றிக்கொள்ளும். எம்மில் இருந்தாலும் இதே கதைதான். ஷட்டரும் அப்பெர்ச்சரும் உங்கள் கையில் இருப்பதால் எல்லாமே உங்கள் கையில் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மென்பொருளோ நீங்கள் வைத்த எண்ணைத்தான் காட்டிக்கொண்டிருக்கும், கேமரா எடுத்துக்கொண்ட எண்ணை அல்ல.

கண்டுபிடிப்பது எளிது. ஒரு படம் எடுத்து, அதன் தகவல் பக்கத்தில் பதிவான ஐஎஸ்ஓவைப் பாருங்கள். 2200, 1100, 450 என்று நீங்கள் தேர்ந்தெடுக்கவே வாய்ப்பில்லாத எண்கள் வந்தால் ஆட்டோவின் வேலை என்று உறுதி செய்துகொள்ளலாம். மெனுவுக்குள் போய் ஆட்டோ ஐஎஸ்ஓவை அணைத்துவிட்டு மறுபடி ஒரு படம் எடுத்து ஒப்பிடுங்கள். கேனானிலும் சோனியிலும் ஐஎஸ்ஓ பட்டியலிலேயே ஆட்டோ என்று ஒரு வரி இருக்கும். எண்ணைத் தேர்ந்தெடுத்தாலே ஆட்டோ விலகிவிடும். ஆனாலும் கேனானில் சேஃப்டி ஷிஃப்ட் என்ற அமைப்பை ஐஎஸ்ஓவுக்கு ஆன் செய்திருந்தால், ஏவி, டிவி முறைகளில் கேமரா உங்கள் எண்ணைத் தாண்டிப் போகும். அதையும் பாருங்கள்.

ஆட்டோவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மேகம் வந்து வந்து போகும் ஐப்பசி நாளில், கேமரா வரப்பிலும் நான் தென்னை நிழலிலும் இருக்கையில், உச்சவரம்பை 3200-ல் கட்டிவிட்டு ஆட்டோவிடம் விடுவதுதான் நல்லது. தெரிந்து விடவேண்டும், அவ்வளவுதான். சுவடி எடுக்கும்போது ஆட்டோ வேண்டவே வேண்டாம். ஒரே கட்டின் இருநூறு ஓலைகளும் ஒரே வெளிச்சத்தில், ஒரே ஐஎஸ்ஓவில் இருந்தால்தான் பிறகு எழுத்தை ஒப்பிட்டுப் படிக்க முடியும்.

நான் கேட்கும் எண் பட்டியலிலேயே இல்லை, அல்லது தேர்ந்தெடுத்தால் பிழை வருகிறது

100 காணாமல் போய்ப் பட்டியல் 200-லிருந்து தொடங்கினால், கேனானில் ஹைலைட் டோன் பிரையாரிட்டி ஆன் ஆகியிருக்கும். திரையில் டி என்ற எழுத்தோடு ஒரு கூட்டல் குறி தெரியும். பளிச்சென்ற வெள்ளை வேட்டியில் விவரம் போய்விடாமல் காக்கும் வசதி அது. விலையாக 100-ஐ எடுத்துக்கொள்கிறது. சோனியில் வீடியோவுக்கான எஸ்-லாக் வகைப் பிக்சர் புரொஃபைல் போட்டிருந்தாலும் தொடக்க எண் உயர்ந்துவிடும். கல்யாண வீடியோ எடுத்த கேமராவை மறுநாள் படத்துக்கு எடுக்கும்போது இது அடிக்கடி நடக்கும்.

125, 160 போன்ற இடை எண்கள் இல்லையென்றால் ஐஎஸ்ஓவின் படி அளவு முழு ஸ்டாப்பில், அதாவது ஒவ்வொரு படியும் இரட்டிப்பாக, இருக்கிறது. மெனுவில் 1/3 ஸ்டாப்புக்கு மாற்றினால் வந்துவிடும். மென்பொருளில் 125 தெரிந்தும் கேமரா மறுத்தாலும் இதே காரணமாக இருக்கலாம்.

லைவ் வியூ கும்மிருட்டு, ஆனால் படம் நன்றாக வருகிறது

ஸ்டுடியோ ஃபிளாஷ் போட்டு எடுப்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதில் மாட்டியிருப்பார்கள். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 1/160. ஃபிளாஷ் வெடிக்கும் நொடியில் இது சரியான அளவு. ஃபிளாஷ் இல்லாத நேரத்தில் அறையின் டியூப் லைட்டுக்கு இது இருட்டு. இப்போதைய அளவில் படம் எப்படி வருமோ அப்படியே திரையில் காட்டுவதற்கு எக்ஸ்போஷர் சிமுலேஷன் என்று பெயர். அது ஆனில் இருந்தால் கேமரா உண்மையைத்தான் சொல்கிறது. ஃபிளாஷ் வரப்போவது மட்டும் அதற்குத் தெரியாது.

கேனானில் எக்ஸ்போஷர் சிமுலேஷனை அணையுங்கள். சோனியில் லைவ் வியூ டிஸ்ப்ளே என்ற வரியில் செட்டிங் எஃபெக்ட்டை ஆஃப் செய்யுங்கள். நிக்கான் இசட் வரிசையில், செட்டிங்குகளை லைவ் வியூவில் காட்டு என்ற வகையில் ஒரு தேர்வு இருக்கும். அதை ஆஃப் செய்யுங்கள். அதே நிறுவனத்தின் ஃபிளாஷை மேலே மாட்டினால் சில பாடிகள் தாமாகவே திரையை வெளிச்சமாக்கிக்கொள்ளும். ஃபிளாஷை வெடிக்கவைக்கும் வேறு நிறுவனத்து டிரிக்கர் மாட்டினால் அதை அடையாளம் காணாமல் போகலாம். அப்போது கையால்தான் மாற்றவேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: லைவ் வியூ பளிச்சென்று இருக்கிறது, ஐஎஸ்ஓவை எவ்வளவு ஏற்றி இறக்கினாலும் திரை மாறவே இல்லை, படம் மட்டும் இருட்டு. சிமுலேஷன் ஆஃபில் கிடக்கிறது என்று பொருள். ஃபிளாஷ் வேலை முடிந்து மறுநாள் வயலுக்குப் போகிறவர்கள் அதை மறுபடி ஆன் செய்ய மறந்துவிடுவார்கள். இந்த நிலையில் லைவ் வியூ ஹிஸ்டோகிராமையும் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) நம்பவேண்டாம்; திரைக்கு ஏற்றிக் காட்டும் வெளிச்சத்தைத்தான் அது அளக்கிறது. எடுத்த படத்தின் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்.

இருட்டில் லைவ் வியூ முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரிவதைப் பார்த்து ஐஎஸ்ஓவைக் குறைக்க ஓடவேண்டியதில்லை. நாம் பார்ப்பதற்காகத் திரைப் படத்தை மட்டும் கேமரா ஏற்றிக் காட்டுகிறது. படம் எடுத்துப் பாருங்கள், சுத்தமாக இருக்கும்.

லைவ் வியூ வரவே இல்லை

இங்கே மேல்நோக்கி நடப்பதுதான் வழி.

முதலில் கேபிள். போன் சார்ஜருடன் வரும் கேபிள்களில் சிலவற்றில் மின்சாரம் மட்டும்தான் ஓடும், தரவு ஓடாது. அந்தக் கேபிளில் ஒரு படத்தை லேப்டாப்புக்கு நகலெடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் கேபிளை மாற்றுங்கள். யூஎஸ்பி 2-க்கு 5 மீட்டர்தான் வரம்பு. மணமேடை உயரத்துக்கு அதற்கு மேல் வேண்டும் என்றால் உள்ளேயே மின்சுற்று உள்ள ஆக்டிவ் எக்ஸ்டென்ஷன் வாங்குங்கள். சாதாரணக் கேபிள்களை ஒன்றோடொன்று சேர்த்து நீட்டாதீர்கள்.

அடுத்தது கேமராவின் யூஎஸ்பி அமைப்பு. சோனியில் பிசி ரிமோட் என்று இருக்கவேண்டும். மாஸ் ஸ்டோரேஜில் இருந்தால் கேமரா வெறும் பென் டிரைவ் ஆகிவிடும். கேனானின் பல பாடிகளில் வைஃபை ஆனில் இருக்கும்வரை யூஎஸ்பி வழி வேலை செய்யாது. இரண்டில் ஒன்றை அணையுங்கள்.

அதற்கடுத்து, இன்னொரு மென்பொருள் கேமராவைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே கேமராவை இரண்டு மென்பொருள்கள் ஒரே நேரத்தில் ஓட்ட முடியாது. லினக்ஸில் கேபிளைச் செருகியவுடனே ஃபைல் மேனேஜர் கேமராவைத் திறந்துகொள்ளும். பிறகு கேமராவை இயக்கும் ஜிஃபோட்டோ2 மென்பொருள் கேட்டால், யூஎஸ்பியைப் பிடிக்க முடியவில்லை என்று பிழை வரும். ஃபைல் மேனேஜரில் கேமராவின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள எஜெக்ட் குறியை அழுத்தினால் விட்டுவிடும். மேக்கில் படம் இறக்கும் பின்னணிச் செயலி ஒன்று இதே வேலையைச் செய்யும். விண்டோஸில் கேனான் வைத்திருப்பவர்கள், இஓஎஸ் யூட்டிலிட்டி தானாகத் திறந்துகொண்டதா என்று பாருங்கள்; அதை மூடிய பிறகு உங்கள் மென்பொருளைத் திறங்கள்.

பழைய நிக்கான் லென்ஸ், அதாவது அப்பெர்ச்சர் வளையம் உள்ளது, மாட்டியிருந்தால் வளையத்தைக் கடைசி எண்ணில், 16 அல்லது 22-ல், பூட்டவேண்டும். இல்லையென்றால் பாடி எஃப்இஇ என்று பிழை காட்டிக்கொண்டு நிற்கும், மென்பொருளில் அப்பெர்ச்சர் காலியாக இருக்கும்.

வந்தது, நின்றுவிட்டது

வயலில் போனை வைத்து இயக்குகிறவர்களிடம் அதிகம் கேட்ட புகார் இது. கேமரா தானே ஒரு வைஃபையைக் கிளப்புகிறது, போன் அதில் சேர்கிறது. அந்த வைஃபையில் இணையம் இல்லை. அதைக் கண்ட போன் சொல்லாமல் கொள்ளாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடுகிறது. திரை உறைந்து நிற்கிறது, கேமராவின் மேல் பழி. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுச் சேருங்கள். இணையம் இல்லாவிட்டாலும் இதிலேயே இருக்கவா என்று போன் கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். பேட்டரி சேமிப்பு முறையும் பின்னணியில் செயலியைக் கொன்றுவிடும். அந்தச் செயலிக்கு மட்டும் விலக்கு கொடுங்கள்.

கேமரா வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும். தண்ணீர் அந்த அலையை உறிஞ்சும். மனித உடம்பும், மழையில் நனைந்த வாழை இலையும் உறிஞ்சும். நான் ஒரு வாழைக் கொல்லையின் இந்தப் பக்கமும் கேமரா அந்தப் பக்கமும் இருந்தபோது லைவ் வியூ நிமிஷத்துக்கு ஒருமுறை நின்றது. கேமராவை இரண்டடி உயர்த்தி, நான் நேர் பார்வைக்கு வந்து உட்கார்ந்ததும் சரியானது. தேர்த் திருவிழாவிலும் நிரம்பிய மண்டபத்திலும் நூறு பேர் போன்கள் அதே அலையில் மோதும். அங்கே வைஃபையை நம்பாமல் கேபிளையே இழுங்கள்.

சரியாகப் பத்து நிமிடத்துக்கொரு முறை அணைகிறதென்றால் அது டைமர். நிக்கான் டிஎஸ்எல்ஆர்களில் லைவ் வியூவுக்கென்று திரை அணையும் நேரம் தனியாக இருக்கும், கூட்டி வையுங்கள். வெயிலில், அதுவும் சித்திரை வைகாசியில், நேரம் ஒழுங்கில்லாமல் அணைந்தால் சூடுதான் காரணம். லைவ் வியூவில் சென்சார் ஓயாமல் வேலை செய்வதால் பாடி கொதிக்கும். கேமராவின் மேல் ஒரு வெள்ளைத் துணியைப் பந்தல் மாதிரி கட்டுங்கள், காற்றுக்கு வழி விட்டு. பறவை வராத நேரத்தில் லைவ் வியூவை நிறுத்தி வையுங்கள், பேட்டரியும் தாங்கும். ஓடிஜி கேபிள் வழியாகக் கேமராவைப் போனில் மாட்டியவர்கள், கேமரா போனிலிருந்து மின்சாரம் உறிஞ்சுகிறதா என்று பாருங்கள். சோனியில் யூஎஸ்பி பவர் சப்ளை என்ற வரியை ஆஃப் செய்தால் நிற்கும்.

ஐஎஸ்ஓவை மாற்றியவுடன் லைவ் வியூ தொங்குகிறது

பஃபரில் (கேமராவின் தற்காலிக நினைவகம்) உள்ள படங்களை கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கேமரா புதுக் கட்டளையை ஏற்காது. பிஸி என்று பதில் சொல்லும். சில மென்பொருள்கள் அந்தப் பதிலைக் காட்டாமல் காத்துக்கொண்டே நிற்கும். கார்டு விளக்கு அணையும்வரை பொறுங்கள். விரலால் ஸ்லைடரை இழுத்துக்கொண்டே போகாதீர்கள். நடுவில் உள்ள ஒவ்வொரு எண்ணும் ஒரு கட்டளையாகப் போய் வரிசையில் நிற்கும். வேண்டிய எண்ணை ஒரே தொடலில் தேர்ந்தெடுங்கள். அப்படியும் தொங்கினால், லைவ் வியூவை நிறுத்தி, ஐஎஸ்ஓவை மாற்றி, மறுபடி தொடங்குங்கள்.

தொங்கவில்லை, இழுத்து இழுத்து வருகிறது என்றால் ஷட்டரைப் பாருங்கள். சுவடிக்கு 1/4, 1/2 என்று வைத்திருக்கும்போது சிமுலேஷனும் ஆனில் இருந்தால், திரையும் அந்த வேகத்துக்கே மெதுவாகும் பாடிகள் உண்டு. ஃபோகஸ் பார்க்கும்வரை சிமுலேஷனை அணையுங்கள்.

திரையில் பட்டை பட்டையாக ஓடுகிறது

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப் லைட் நொடிக்கு 100 முறை மினுங்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வையுங்கள். மாறுகிற ஒளிக்கு ஏற்ப ஐஎஸ்ஓவைச் சரிக்கட்டுங்கள். படத்தில் இல்லை, லைவ் வியூவில் மட்டும் பட்டை என்றால், நிக்கானில் ஃபிளிக்கர் ரிடக்ஷனை 50 ஹெர்ட்ஸுக்கும், கேனான், சோனியில் வீடியோ அமைப்பை PAL-க்கும் மாற்றுங்கள். சத்தம் கேட்டுப் பறவை பறந்துவிடக்கூடாது என்று சைலன்ட் ஷட்டர் போட்டு, அதை அப்படியே மண்டபத்துக்கும் கொண்டுவந்தவர்கள் மெக்கானிக்கலுக்குத் திரும்புங்கள். மேடைக்குப் பின்னால் நிற்கும் எல்இடி திரைகள் இந்தக் கணக்குக்குள் வராது. ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, பட்டை குறையும் இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

லைவ் வியூ பால்போல் வெளுத்திருக்கிறது

எக்ஸ்போஷர் கூடிவிட்டதென்று நினைத்து ஐஎஸ்ஓவைக் குறைத்துக்கொண்டே போவீர்கள். படம் இருளுமே தவிர வெண்மை போகாது. மார்கழி விடியலில் வயலில் பனி இறங்கும். வானத்தைப் பார்த்துக் குளிர்ந்துபோன முன்கண்ணாடியில் அது முத்து முத்தாக உட்காரும். ஏசி அறையில் இருந்த கேமராவைப் புழுக்கத்தில் சட்டென்று வெளியே எடுத்தாலும் இதேதான். பையோடு கொண்டுவந்து, பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு எடுங்கள். வயலில் என்றால் நீளமான ஹூட் மாட்டுங்கள். வானத்தை நட்சத்திரத்துக்காகப் படமெடுப்பவர்கள் லென்ஸைச் சுற்றிக் கட்டும் யூஎஸ்பி சூட்டுப் பட்டை நமக்கும் உதவும். பவர் பேங்கில் ஓடும். துணியால் துடைத்தால் சற்று நேரத்தில் மறுபடி படியும்; அதுவும் கேமராவுக்கு அருகே போகவேண்டி வரும்.

அருகே போவதைத்தான் நான் கடைசி வரை தவிர்க்கப் பார்ப்பேன். வடுவூர் ஏரியும் கோடியக்கரையும் சரணாலயங்கள். அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் கேமராவை நட்டுவிட்டு வரக்கூடாது. கூட்டுக்கு எதிரே எங்குமே வைக்கக்கூடாது. சொந்த வயலில்கூட, நத்தை குத்தி நாரை இறங்கி மேய்ந்துகொண்டிருக்கும்போது ஒரு கேபிளைச் சரிசெய்ய எழுந்து நடந்தால், அது பறந்து ஆற்றைத் தாண்டிப் போய்விடும். அதனால்தான் டயல், ஆட்டோ ஐஎஸ்ஓ, சிமுலேஷன், டைமர், கேபிள் எல்லாவற்றையும் இருட்டு விலகும் முன்பே டார்ச் வெளிச்சத்தில் பார்த்து, ஒரு படம் எடுத்து அதன் ஐஎஸ்ஓவைப் படித்துவிட்டு வரப்புக்குத் திரும்புகிறேன்.